வீடு சென்னையில், பேஸ் வளைகுடாவில்: கம்யூட் செய்யப்போகும் விமானிக்கு

ரோஸ்டரில், அதாவது மாத டியூட்டி அட்டவணையில், ஆறு நாள் ஆஃப் என்று போட்டிருக்கும். பார்த்ததும் வீட்டுக்குப் போன் போட்டு “ஆறு நாள் இருப்பேன்” என்று சொல்லிவிடாதீர்கள். முதல் வருடம் முழுக்க நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட ஆறு நாள் இருந்ததில்லை. நான்கு நாள் இருந்தேன், சில மாதம் மூன்றரை.

கணக்கு இடிக்கும் இடம் இதுதான். கடைசி டியூட்டி முடிந்து இரவு பதினொன்றுக்கு பேஸில், அதாவது டியூட்டி தொடங்கி முடியும் ஊரில், இறங்குகிறீர்கள். இமிக்ரேஷன் தாண்டி அறைக்குப் போய்ப் படுத்து, மறுநாள் கிடைக்கிற விமானத்தில் ஏறி வீட்டுக் கதவைத் தட்டும்போது முதல் ஆஃப் நாள் முடிந்திருக்கும். கடைசி ஆஃப் நாளும் உங்களுடையது கிடையாது. அது பேஸுக்குத் திரும்பி, அங்கே ஒரு இரவு தூங்குவதற்கு. அந்த நாளையும் வீட்டில் கழித்துவிட்டு விடியற்காலை விமானத்தில் ஏறிப் போய் நேராக டியூட்டியில் உட்காரலாம் என்று தோன்றும். எல்லோருக்கும் தோன்றும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகிற முக்கால்வாசி விஷயம் அந்த ஆசையை எப்படிச் சமாளிப்பது என்பதுதான்.

வெளிநாட்டு ஏர்லைனில் வேலை கிடைத்து, பிள்ளைகளின் பள்ளி, பெற்றோரின் வயது என்று ஏதோ ஒரு காரணத்தால் குடும்பத்தைச் சென்னையிலேயே வைத்துவிட்டு வந்துபோகலாம் என்று நினைக்கும் புது ஃபர்ஸ்ட் ஆஃபீசர்களுக்காக (துணை விமானிகளுக்காக) எழுதுகிறேன். நான் ஒன்பது வருடம் வந்துபோனவன். நாம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை இது. ஆஸ்திரேலியாவில் வீட்டை வைத்துக்கொண்டு ஹாங்காங்கிலிருந்து பறந்தவர்கள் நிறையப் பேர். சீன ஏர்லைன்கள் வெளிநாட்டு கேப்டன்களை எடுத்தபோது சில வாரம் வேலை, சில வாரம் வீடு என்று அதற்கென்றே ஒப்பந்தம் போட்டார்கள். நியூயார்க் விமான நிலையங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கியூ கார்டன்ஸ் பகுதிக்கு, விமானப் பணியாளர்கள் கும்பலாக வாடகைக்கு இருந்ததால், ‘க்ரூ கார்டன்ஸ்’ என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நிறுவனம் உங்களை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பயணியாக அனுப்பினால் அது பொசிஷனிங். டியூட்டி நேரத்தில் சேரும். நீங்களாக வீட்டிலிருந்து பேஸுக்கு வருவது கம்யூட்டிங். அது எந்தக் கணக்கிலும் சேராது. ரோஸ்டர் சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை நீங்கள் அந்த நேரம் முழுக்க ஓய்வில் இருந்தீர்கள். ராத்திரி முழுக்க மீனம்பாக்கத்தில் ஸ்டேண்ட்பை வரிசையில் நின்றது அதற்குத் தெரியாது.

ஐரோப்பிய விதிகளின் வழிகாட்டுதலில் ஒரு வரி உண்டு: வீட்டிலிருந்து பேஸுக்கு வர வழக்கமாக 90 நிமிடத்துக்கு மேல் ஆனால், பேஸுக்கு அருகில் தற்காலிகமாகத் தங்க ஏற்பாடு செய்துகொள்வதைப் பற்றி விமானி யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பகுதி 117 என்ற டியூட்டி, ஓய்வு விதிகளின்படி, பறக்கத் தகுந்த ஓய்வோடு வந்து நிற்பது விமானியின் பொறுப்பு. சுற்றிச் சுற்றி எங்கே போனாலும் பொறுப்பு நம் தலையில்தான் வந்து விடிகிறது.

அந்த அமெரிக்க விதிகளுக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 2009 பிப்ரவரி 12 இரவு, நியூவர்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் 3407 இறங்கப்போகும் நேரத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து ஸ்டால் (இறக்கை விமானத்தைத் தாங்கும் சக்தியை இழப்பது) எச்சரிக்கை வந்தபோது கேப்டன் மூக்கை இறக்குவதற்குப் பதிலாக இழுத்தார் என்பதுதான் மூல காரணம். ஆனால் விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. ஃபர்ஸ்ட் ஆஃபீசர் முந்தைய இரவு சியாட்டிலில் ஏறி, மெம்ஃபிஸில் விமானம் மாறி, சரக்கு விமானங்களில் நாடு முழுக்கக் கடந்து வந்திருந்தார். கேப்டனின் வீடு ஃபுளோரிடாவில். நியூவர்க்கில் இருவருக்கும் தங்க அறை கிடையாது. க்ரூ அறை சோபாதான். களைப்பு அவர்களுடைய செயல்பாட்டைப் பாதித்திருக்கக்கூடும், எவ்வளவு என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று விசாரணை வாரியம் எழுதியது. அந்த ‘எவ்வளவு என்று சொல்ல முடியாது’ என்பதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நமக்கே அது தெரியாது.

16 – 6 கணக்கு

அந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டதன்பேரில் அங்குள்ள தேசிய ஆராய்ச்சிக் குழு 2011இல் கம்யூட்டிங் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. இத்தனை மைலுக்குள் குடியிருக்க வேண்டும் என்று சட்டம் போடச் சொல்லவில்லை. தூரத்தை வைத்துக் களைப்பை அளக்க முடியாது என்பது அவர்கள் நிலை. விமானிக்கு இரண்டு எண்களைக் கொடுத்தார்கள். டியூட்டி முடியும் நேரத்தில் நீங்கள் கண்விழித்து ஏறத்தாழ 16 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ரிப்போர்ட்டிங்குக்கு, அதாவது டியூட்டிக்கு வந்து நிற்பதற்கு, முன் குறைந்தது 6 மணி நேரத் தூக்கம் வேண்டும். விமானத்தைத் தேர்ந்தெடுக்க இந்த இரண்டும் போதும்.

துபாய் பேஸ் என்று வைத்துப் போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நம்மைவிட அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால். புதன்கிழமை மதியம் 2 மணிக்கு ரிப்போர்ட்டிங், டியூட்டி இரவு 11க்கு முடிகிறது. 11இலிருந்து 16ஐக் கழியுங்கள். காலை 7 மணி. ஆக, புதன் காலை ஏழு மணிவரை நீங்கள் துபாயில் கட்டிலில் இருக்க வேண்டும்.

இப்போது அந்த ஆசை விமானத்தைப் பாருங்கள். புதன் விடியற்காலை 4 மணிக்குச் சென்னையில் கிளம்புவது. நள்ளிரவில் வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் முடியும். துபாயில் இறங்கும்போது அங்கே ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால். அறைக்குப் போக எட்டரை. பத்திலிருந்து பன்னிரண்டுவரை ஒரு குட்டித் தூக்கம், குளியல், யூனிஃபார்ம். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு நீங்கள் வீட்டில் எழுந்திருந்தால், புதன் இரவு 11க்கு, அதாவது நம் ஊர் நேரம் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு, கடைசியாக ஒழுங்காகத் தூங்கி எழுந்து 42 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நடுவில் சீட்டில் தலை சாய்த்த ஒன்றரை மணி நேரத்தையும் அந்தக் குட்டித் தூக்கத்தையும் சேர்த்தாலும் நான்கு மணி நேரம் தேறாது. 17 மணி நேரம் தூங்காமல் இருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். குடித்துவிட்டு யாரும் காக்பிட்டுக்குப் போக மாட்டோம்.

அதே டியூட்டிக்குச் செவ்வாய் காலைப் பத்து மணி வாக்கில் கிளம்பினால், மதியம் ஒன்றுக்குள் துபாய். ராத்திரி உங்கள் கட்டிலில் முழுத் தூக்கம். செலவு, வீட்டில் அரை நாளுக்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அரை நாளில்தான் மகளின் ஆண்டு விழா இருக்கும், அது வேறு விஷயம்.

நள்ளிரவு ரிப்போர்ட்டிங்குகளுக்கு இது இன்னும் இறுக்கும். இரவு 2 மணிக்கு ரிப்போர்ட் செய்து காலை 11க்கு முடிகிறதென்றால், முந்தைய நாள் மாலை ஏழு மணிவரை தூங்கியிருக்க வேண்டும். அன்று காலை விமானத்தில் வந்து மதியம் தூங்கலாம்தான். ஆனால் அந்த விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் தூக்கம்தான் வெட்டுப்படும். அப்படிப்பட்ட டியூட்டிக்கு நான் முந்தைய நாளே போய்விடுவேன்.

ஒரு சின்ன லாபம் உண்டு. பேஸ் நமக்கு மேற்கே இருந்தால் அதிகாலை டியூட்டிகள் வலிக்காது. துபாயில் காலை 5 மணி என்பது உங்கள் உடம்புக்கு ஆறரை. பதிலுக்கு இரவு நெடுநேரம் நீளும் டியூட்டிகளில் உடம்பு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே கெஞ்ச ஆரம்பிக்கும். ஹாங்காங்கோ சிங்கப்பூரோ பேஸாக இருந்தால் எல்லாம் தலைகீழ். அங்கே காலை 6 மணி நமக்கு மூன்றரை. டியூட்டிகளைக் கேட்டு வாங்கும் வசதி இருந்தால் இதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

சம்பளத்தைப் பற்றி நிறையக் கேட்போம், இவற்றைக் கேட்க மாட்டோம்: ஆஃப் நாட்கள் சேர்ந்தாற்போல் வருமா, ஒன்றும் இரண்டுமாகச் சிதறி வருமா? மாதம் பத்து நாள் ஆஃப் இருந்தும் இரண்டிரண்டாக வந்தால் கம்யூட்டருக்கு அது பூஜ்யம்தான். ஆஃப் நாளில் நாட்டை விட்டு வெளியே போனால் தெரிவிக்க வேண்டுமா? ஸ்டேண்ட்பை டியூட்டியில் (கூப்பிட்டால் பறக்கத் தயாராகக் காத்திருப்பது) கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் வந்து நிற்க வேண்டும்? ஊரில் இருக்கும்போது உடம்பு சரியில்லாமல் போனால் எந்த டாக்டரின் சான்றிதழை ஏற்பார்கள்?

இந்தக் கடைசிக் கேள்வியை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். சில நிறுவனங்கள் வெளிநாட்டு மருத்துவச் சான்றிதழை முறைப்படி அத்தாட்சி பெற்றால்தான் ஏற்கும். எங்கள் தெரு டாக்டர் காய்ச்சலுக்கு எழுதிக்கொடுத்த ஒற்றைக் காகிதத்தை வைத்துக்கொண்டு நான் அலைந்த அலைச்சல் காய்ச்சலைவிட மோசம்.

அமெரிக்காவில் சில ஏர்லைன்களின் ஊழியர் ஒப்பந்தத்திலேயே கம்யூட்டர்களுக்கு ஒரு விதிவிலக்கு எழுதியிருக்கும். நேரத்தோடு பேஸுக்கு வந்து சேரக்கூடிய இரண்டு விமானங்களில் முயன்றும் இடம் கிடைக்கவில்லை என்றால் தண்டனை கிடையாது. நம் பக்கத்து ஒப்பந்தங்களில் அதைத் தேடாதீர்கள். அமெரிக்காவில் காக்பிட்டில் இருக்கும் கூடுதல் இருக்கையான ஜம்ப் சீட்டில் உட்கார்ந்து வேறு ஏர்லைனில் போவதும் சகஜம். அதையும் இங்கே நம்பித் திட்டம் போட வேண்டாம்.

அப்புறம் வரி. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் இங்கே குடியிருப்பவர் கணக்கில் வந்துவிடுவார் என்பது பலருக்குத் தெரியும். வாடகை, வட்டி என்று இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டி, முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளாவது இங்கே இருந்திருந்தால் அந்த 182 என்பது 120 ஆகிவிடும் என்பது தெரியாது. மாதம் எட்டு நாள் வீதம் பத்து மாதத்துக்கு 80, ஆண்டு விடுப்பு 42 என்று வைத்தால் 122. முடிந்தது கதை. இறங்கிய நாள், கிளம்பிய நாள் இரண்டையும் சேர்த்து எண்ணி ஒரு தாளில் குறித்து வாருங்கள். பாக்கியை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

ஸ்டாஃப் டிக்கெட்: லோடு பார்க்கும் கலை

ஸ்டாஃப் டிக்கெட் மலிவு. ஆனால் அது பெரும்பாலும் ஸ்டேண்ட்பை, கடைசியில் இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். சொந்த ஏர்லைன் என்றால் சீனியாரிட்டிப்படி வரிசை. ஏர்லைன்களுக்குள் இருக்கும் இசெட்ஈடி என்ற சலுகைக் கட்டணத்தில் வேறு ஏர்லைனில் போனால் அவர்களுடைய ஊழியர்களுக்குப் பின்னால்தான் நீங்கள்.

காலி இருக்கை எத்தனை என்று பார்ப்பதோடு புதியவர்கள் நின்றுவிடுகிறார்கள். இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, எடை. இறங்கும் ஊரில் பனிமூட்டமோ புயலோ என்றால் அந்த விமானம் கூடுதல் எரிபொருள் ஏற்றிக்கொள்ளும். அப்போது பத்து இருக்கை காலியாக இருந்தும் ஸ்டேண்ட்பை ஆட்களை ஏற்றாமல் கதவைச் சாத்துவார்கள். இதை நீங்களே காக்பிட்டில் இருந்துகொண்டு பலருக்குச் செய்திருப்பீர்கள்.

இரண்டாவது, கூட்டத்துக்குத் திசை உண்டு. ஜூன் கடைசியில் வளைகுடாப் பள்ளிகள் விடுமுறை விடும்போது ஊருக்கு வரும் விமானங்கள் பிதுங்கும். திரும்பிப் போகும் விமானம் காலியாக இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் அப்படியே மாறும். வீட்டுக்கு வருவது சுலபம், திரும்புவது மகா கஷ்டம். வேலையைக் காலி செய்யக்கூடியது இந்த ஆகஸ்ட் கூட்டம்தான். பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் இதே கதை.

என் இரண்டாவது வருடம், தீபாவளி முடிந்த ஞாயிறு. ஸ்டேண்ட்பையில் என் பெயர் ஏழாவது. ஐந்து பேரை ஏற்றினார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சார், அடுத்த ஃபிளைட்டும் ஓவர்புக்கு. பெங்களூர் பாருங்க” என்றாள். பெங்களூருக்குக் காரில் ஆறு மணி நேரம், அங்கிருந்து முழுக் கட்டண டிக்கெட், பேஸில் இறங்கும்போது ரிப்போர்ட்டிங்குக்கு மூன்று மணி நேரம் பாக்கி. அன்று நான் பறக்கவில்லை. தூங்காமல் வந்திருக்கிறேன், பறக்கும் நிலையில் இல்லை என்று போன் செய்தேன். ரெக்கார்டில் ஒரு கறுப்புப் புள்ளி. முழுக்க என் தப்புதான், ஒரே ஒரு விமானத்தை நம்பித் திட்டம் போட்டது. அதிலிருந்து என் விதி: நான் பிடிக்க நினைக்கும் விமானத்துக்குப் பிறகும், நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய இன்னும் இரண்டு விமானம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டாஃப் டிக்கெட்டை மறந்துவிட்டு முழு டிக்கெட் வாங்குவேன்.

மாற்று வழிகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள். துபாய்க்கு இடம் இல்லையென்றால் ஷார்ஜா, அபுதாபி. அபுதாபியிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான். சென்னை இல்லையென்றால் திருச்சி, பெங்களூர், கொச்சி. சுற்றிக்கொண்டு போகக் கொழும்பு. மாதம் ஒரு முழு டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அது வாடகை மாதிரி. செலவாகாமல் மிஞ்சினால் சந்தோஷம்.

மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர்வரை வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி என்று கேட்டாலே பெட்டியைக் கட்டுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் மறுநாள் காலைவரை விமானம் இல்லை. அந்தப் பக்கமும் நிம்மதி கிடையாது. 2024 ஏப்ரல் 16 மழையில் துபாய் விமான நிலையமே தண்ணீரில் நின்றது. 2025 ஜூன் 23 மாலை கத்தார் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியதில் வளைகுடா முழுக்கப் போக்குவரத்து குழம்பியது. இவற்றையெல்லாம் தடுக்க முடியாது. ஆனால் புயலை மூன்று நாள் முன்பே சொல்லிவிடுகிறார்கள். வானிலை அறிக்கையைப் படிக்கத் தெரிந்த தொழிலில் இருந்துகொண்டு, வீட்டில் இருக்கும்போது மட்டும் அதைப் பார்க்காமல் இருப்பது ஒரு வேடிக்கை.

அறையும் பெட்டியும்

பேஸில் ஒரு கட்டிலாவது உங்களுடையதாக இருக்க வேண்டும். நிறுவனம் வீடு கொடுத்தால் சரி. வீட்டு வாடகைப் படியைக் கையில் கொடுத்தால், அதை மிச்சம் பிடிக்க நாலு பேர் ஓர் அறையில் இருக்காதீர்கள். ஒருவன் அதிகாலை மூன்றுக்குக் கிளம்புவான், ஒருவன் மூன்றரைக்கு வருவான், யாருக்கும் தூக்கம் இருக்காது. கறுப்புத் திரைச்சீலை, ஏசி, ஒரு குக்கர், அரிசி, பருப்பு, பொடி வகைகள். அது போதும்.

யூனிஃபார்ம், ஷூ எல்லாம் பேஸிலேயே இருக்கட்டும். துணிமணி இரண்டு இடத்திலும். ஸ்டேண்ட்பையில் போகும்போது பெட்டியை செக்-இன் செய்யாதீர்கள், கையில் தூக்கும் பையோடு நிறுத்துங்கள். பாஸ்போர்ட், லைசென்ஸ், மெடிக்கல் மூன்றும் உடம்போடு. டியூட்டியில் க்ரூ பட்டியலில் பெயர் போட்டுக்கொண்டு நாடு நாடாக இறங்கிப் பழகியவர்களுக்கு ஒரு மறதி வரும். கம்யூட் செய்யும்போது நீங்கள் சாதாரணப் பயணி. விசா காலாவதி ஆகியிருந்தால் ஏற்ற மாட்டார்கள்.

வர முடியாது என்று தெரிந்தால்

தெரிந்த நிமிடமே க்ரூ கன்ட்ரோலை (டியூட்டிக்கு ஆள் போடும் பிரிவை) கூப்பிடுங்கள். கடைசி விமானமும் போன பிறகு கூப்பிடாதீர்கள். எங்கே இருக்கிறேன், எத்தனை மணிக்குத்தான் வர முடியும் என்று இரண்டே வாக்கியம். ஆறு மணி நேரம் முன்னால் சொன்னால் அவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள், உங்களைத் திட்டுவதோடு போகும். உடம்பு சரியில்லை என்று பொய் மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் ஸ்டாஃப் டிக்கெட் எந்த ஊரில் எந்த ஸ்டேண்ட்பை வரிசையில் கிடக்கிறது என்று அவர்களுடைய கம்ப்யூட்டருக்கே தெரியும்.

வீட்டில்

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் கிழிப்பது மகளின் வேலை. நான் வரும் நாளின் தாளில் ஒரு விமானம் வரைந்து வைப்பாள். ஒரு முறை ஸ்டேண்ட்பை கிடைக்காமல் ஒரு நாள் தள்ளி வந்தேன். வரைந்த தாளைக் கிழிக்காமல் அப்படியே விட்டு வைத்திருந்தாள். வீட்டில் தேதி ஒரு நாள் பின்தங்கி நின்றது. அதிலிருந்து, ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும்வரை வருகிறேன் என்று குழந்தையிடம் சொல்வதில்லை.

வந்த முதல் நாளில் பாங்க் வேலை, உறவினர் வீடு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இல்லாத இருபத்துச் சொச்சம் நாளும் வீட்டை ஓட்டிக்கொண்டிருப்பவர் மனைவி. வந்த மறுநாளே ‘இது ஏன் இங்கே இருக்கு’ என்று ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். “நீங்க ஆடிட்டுக்கு வந்திருக்கீங்களா?” என்றாள்.

கம்யூட்டை ஆரம்பிக்கும்போதே ஒரு சின்ன நோட்டு போடுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி: வீட்டை விட்டுக் கிளம்பிய நேரம், பேஸில் படுத்த நேரம், முதல் டியூட்டிக்கு முன் எத்தனை மணி நேரம் தூங்கினேன், எவ்வளவு செலவு. மூன்று மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். தூக்கம் என்ற இடத்தில் ஆறுக்குக் கீழே இரண்டு மூன்று இடத்தில் இருந்தால், விமானங்களை மாற்ற வேண்டும், அல்லது மாதம் ஒரே ஒரு முறை நீளமாக வருவது என்று வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது வீட்டை அங்கே மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். என் முதல் நோட்டில் மூன்று மாதத்துக்கு ஒன்பது வரி இருக்கிறது. தூக்கம் என்ற இடத்தில் நான்கு வரியில் மூன்று, மூன்றரை என்று எழுதியிருக்கிறேன். ஒன்றில் எதுவும் எழுதவில்லை, கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.